இருமினால் வருகிறது, பேசினால் வரவில்லை

போன வாரம் மாடித்தோட்டத்தைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். கத்தரிக்காயில் புழு வந்தால் என்ன செய்வது என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். மன்னிக்கவும். மனசு கத்தரிக்காயில் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை. மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் வாங்கி வந்த அவரைக்காயை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. என் தங்கை அமுதா.

"சொல்லுடி" என்றேன்.

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அமுதா? சிக்னல் இல்லையா? ஹலோ..."

மறுபடியும் மூச்சு. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. அப்புறம் கட் ஆகிவிட்டது. போனைக் கீழே வைக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. 'அக்கா எனக்கு பேச்சு வரல.'

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வீட்டுக்காரருடன் சண்டை போலிருக்கிறது, அழுகையில் வார்த்தை வரவில்லை என்கிறாள் என்று. 'அழாதே. என்ன ஆச்சு?' என்று டைப் செய்தேன்.

'அழல. நிஜமாவே வரல. வாயைத் தொறந்தா காத்துதான் வருது.'

அவரைக்காயை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அமுதா என் சித்தப்பா மகள். எங்களுக்குத் திருப்பத்தூர் பக்கம். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, கன்னடம் பேசக் கற்றுக்கொண்டு, இங்கேயே வேர்பிடித்த பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். பொம்மனஹள்ளியில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே டெய்லராகச் சேர்ந்தவள், நாளடைவில் லைன் சூப்பர்வைசர் ஆனாள். கணவர் குமார், அபார்ட்மென்ட்களில் லிஃப்ட் மெயின்டனன்ஸ் பார்ப்பவர். ஒரே பெண், தாரணி. எட்டாம் வகுப்பு.

(அமுதாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ, பேரை மட்டும் மாத்திடு" என்றாள். எல்லோர் பெயரையும் மாற்றிவிட்டேன்.)

கார்மென்ட் கம்பெனிக்கு உள்ளே போயிருக்கிறீர்களா? நான் ஒரே ஒரு தடவை ஆயுத பூஜைக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஓடுகிற நாளில் எப்படியிருக்கும் என்பது அமுதா சொல்லித்தான் தெரியும்.

வரிசை வரிசையாக மெஷின்கள். ஒரு வரிசைக்கு லைன் என்று பெயர். ஒருத்தி காலர் தைப்பாள், ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பாக்கெட். வெட்டின துணி ஒரு முனையில் ஏறி, மறுமுனையில் சட்டையாக இறங்கும். நடுவில் ஒருத்தி பின்தங்கினால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை வராது. மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டு மாட்டியிருப்பார்கள். அது குறைந்தால் மேனேஜர் வந்து சூப்பர்வைசரைப் பார்த்துக் கத்துவார். சூப்பர்வைசர் போய் டெய்லர்களைப் பார்த்துக் கத்த வேண்டும்.

அந்த மெஷின் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது. "உடம்பு பரவாயில்லையா?" என்று ஒருத்தியைக் கேட்பதாக இருந்தாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அமுதாவுக்கு அங்கே குரல்தான் எல்லாம். அந்தக் குரல்தான் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அமுதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. காற்று வந்தது. ரொம்பப் பக்கத்தில் காதை வைத்தால் கிசுகிசுப்பாக வார்த்தை புரிந்தது.

"பயமா இருக்குக்கா."

அன்றைக்கு மாலையே பிரேசர் டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். வயதானவர், நிதானமானவர், தமிழ் பேசுவார். மெல்லிய குழாயில் கேமராவை விட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த திரையில் எங்களுக்கும் காட்டினார். குரல் நாண்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"நல்லா இருக்கும்மா. வீக்கம் இல்ல, கட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க, கொஞ்சம் இருமுங்க."

அமுதா இருமினாள்.

கணீரென்று வந்தது சத்தம். பழைய அமுதாவின் சத்தம்.

"ம். இப்ப 'ஆ' சொல்லுங்க."

வெறும் காற்று.

நான் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமார் அமுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியதை அப்போதுதான் கவனித்தேன். என்னைச் சைகை காட்டி வெளியே கூப்பிட்டார்.

"கேட்டீங்களாக்கா? இருமறப்போ வருது. பேசறப்போ மட்டும் வரலையாம். இது எப்படிக்கா?"

"டாக்டர் சொல்லுவார், இருங்க குமார்."

"நான் ட்ராமா பண்றான்னு சொல்லல... ஆனா..."

ஆனாவோடு நிறுத்திவிட்டார். குமார் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து பயந்துபோய் இருந்தவர். பயம் சில ஆண்களுக்குச் சந்தேகமாகத்தான் வெளியே வருகிறது. என்ன செய்வது?

டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். குமாரின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"சார், இது நடிப்பு இல்ல. நடிக்கறவங்களுக்கு நாம நடிக்கறோம்னு தெரியும். இவங்களுக்குத் தெரியாது. இவங்க பேசணும்னுதான் முயற்சி பண்றாங்க. உடம்பு ஒத்துழைக்க மாட்டேங்குது. அளவுக்கு மீறி டென்ஷன் ஏறிப்போனா சில பேருக்கு இப்படி ஆகும்."

குமார் கொஞ்ச நேரம் யோசித்தார். "லிஃப்ட்ல ஆள் ஜாஸ்தி ஏறிட்டா நகராம நின்னுடும். மோட்டார் நல்லாதான் இருக்கும்... அந்த மாதிரியா சார்?"

"கிட்டத்தட்ட அதேதான்."

"சரியாயிடுமா சார்?"

"பேச்சுப் பயிற்சி கொடுத்தா பெரும்பாலும் குரல் வந்துடும். குரல் ஏன் போச்சுங்கறதையும் பார்க்கணும். அதைப் பார்க்காம விட்டா மறுபடியும் போகும். இல்லேன்னா வேற எங்கயாவது காட்டும்."

மறுநாள் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு அமுதா கம்பெனிக்குப் போனாள். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். லீவு சொல்லாமல் நின்றால் பிரச்சினை என்று போனாள். ப்ரொடக்‌ஷன் மேனேஜர் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பஞ்சுத்தூசி பறக்கிற இடம், வராமல் என்ன செய்யும்?

அவர் நிமிர்ந்து பார்த்தாராம். "ஆக்டிங் எல்லா பேடம்மா. ஷிப்மென்ட் இதே" என்றாராம். நடிப்பெல்லாம் வேண்டாம்மா, ஷிப்மென்ட் இருக்கிறது என்று. சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்துவிட்டாள்.

அதே கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் இருந்தாள். ஷாலினி. தங்கவயல்காரி. பார்த்தால் கல்லூரியில் படிக்கிற பெண் மாதிரி இருப்பாள். முதல் நாள் வீட்டில் இருக்கிற எல்லோரும் வர முடியுமா என்று கேட்டிருந்தாள். குமார், தாரணி, நான், மூன்று பேரும் போனோம்.

பயிற்சி ஆரம்பிக்கவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"குரல் இப்பதான் போச்சு. அதுக்கு முன்னாடி, கொஞ்ச நாளாவே, அவங்ககிட்ட ஏதாவது மாத்தம் பார்த்தீங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருந்தா" என்றார் குமார்.

நானும் தலையாட்டினேன். நல்லாத்தான் இருந்தாள்.

"தூக்கம்?"

"தூங்குவா... ஆனா தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பா. அது வயித்துல பூச்சி இருந்தா கடிப்பாங்கல்ல? பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்."

"நின்னுச்சா?"

"இல்ல. இன்னொரு தடவை வாங்கிக் கொடுத்தேன்."

எனக்கு அந்த நேரத்தில் ஒன்று ஞாபகம் வந்தது. உகாதிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். தலைவாரிவிடச் சொன்னாள். பின்னந்தலையில் கட்டைவிரல் அகலத்துக்கு முடியே இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. "போர்வெல் தண்ணிடி. இந்த ஊர்ல எல்லாருக்கும் கொட்டுது. தலைக்கு ஊத்த நல்ல தண்ணியா பிடிச்சு வெச்சுக்கோ" என்று சொல்லி, முடியை இழுத்து அதன்மேல் மூடி, பின்னிவிட்டேன். இதை ஷாலினியிடம் சொல்லும்போது என் குரலே எனக்கு ஒரு மாதிரி கேட்டது.

தாரணி அதுவரை செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷாலினி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. அம்மா எப்படி இருந்தாங்க?"

"அம்மா சிரிக்க மாட்டாங்க."

"கோவமா இருப்பாங்களா?"

"கோவம் இல்ல. நான் ஸ்கூல்ல நடந்த ஜோக் ஏதாவது சொல்லுவேன். சொல்லி முடிச்சதும், 'முடிஞ்சுதா?'ன்னு கேப்பாங்க."

தாரணி மறுபடியும் செருப்பைப் பார்த்தாள்.

"அப்புறம்... என்னை மஞ்சுளான்னு கூப்பிடுவாங்க. நிறைய தடவை. மஞ்சுளா, சீக்கிரம், சீக்கிரம்னு. நான் மஞ்சுளா இல்லம்மான்னு சொன்னா, ஒரு நிமிஷம் என்னை யாருன்னு தெரியாத மாதிரி பார்ப்பாங்க."

குமார் மகளைப் பார்த்தார். "என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னேம்ப்பா. டயர்டா இருப்பாங்கன்னு சொன்னீங்க."

பாருங்கள், மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஆளுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. பல்லைக் கடித்தால் பூச்சி. முடி கொட்டினால் தண்ணீர். சிரிக்காவிட்டால் அசதி. ஊரிலிருந்து எங்கள் சித்தி போனிலேயே விசாரித்துவிட்டு, ஏழரைச் சனி என்று மொத்தத்தையும் முடித்துவைத்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காரணம் இருந்தது. எந்தக் காரணமும் தப்பான காரணம்கூட இல்லை. போர்வெல் தண்ணீரில் முடி கொட்டத்தானே செய்கிறது? அதனால்தான் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல, அவள் பேச முடியாமல் போக வேண்டியிருந்தது.

ஷாலினி அமுதாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. இவங்க யாருக்கும் தெரியாதது ஏதாவது இருக்கா? கிசுகிசுன்னு சொன்னாப் போதும்."

அமுதா எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, காற்றாகவே பேசினாள். ஷாலினி கேட்டு எங்களுக்காகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அறை அவ்வளவு அமைதியாகிவிட, எங்களுக்கே நேராகக் கேட்க ஆரம்பித்தது.

"காலைல கம்பெனி கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாந்தி வரும். தெனம். காம்பவுண்டு சுவரோரமா எடுத்துட்டு, வாய் கொப்புளிச்சிட்டு உள்ள போவேன்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா. வெறும் வயித்தோட போனா வராது. அதனால காலைல சாப்பிடறதை விட்டுட்டேன்."

வாந்தியை எப்படிச் சமாளித்திருக்கிறாள் பாருங்கள். எங்கள் அமுதா எப்போதுமே சமாளிக்கிறவள். "அவகிட்ட ஒரு பிரச்சினையைக் கொடுத்தாப் போதும், முடிச்சுடுவா" என்று நானே எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்!

"வேற?"

அமுதா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம்:

"பஸ்ல உக்காந்திருக்கறப்போ... இந்த பஸ் எதுலயாவது மோதினா நல்லா இருக்கும்னு தோணும். சாகணும்னு இல்ல. கால் ஒடைஞ்சாப் போதும். ஆஸ்பத்திரில படுத்துக்கலாம். யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க."

குமார் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தாரணி போய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ஷாலினி அவசரப்படவில்லை. "இதைச் சொன்னது நல்லதுக்கா" என்றாள். "இதுக்கு ஒரு மனநல டாக்டர்கிட்டயும் தனியா பேசணும். நான் ஏற்பாடு பண்றேன். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குரல் போறதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?"

அப்போதுதான் மஞ்சுளா யாரென்று எங்களுக்குத் தெரிந்தது.

கனகபுரா பக்கத்துப் பெண். அமுதாவின் லைனில் கை தைக்கிற டெய்லர். அவளுடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அரை நாள் லீவு கேட்டாள். ஷிப்மென்ட் நேரம். அமுதா மேனேஜரிடம் போய் அவளுக்காகப் பேசினாள். "உன் லைன், உன் டார்கெட். அவளை அனுப்பிட்டு டார்கெட் குடுக்க முடியுமா? முடியாதுன்னா அவகிட்ட நீயே சொல்லு" என்றார் அவர். திரும்பி வந்து, அந்த இரைச்சலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. லீவு இல்லை என்று.

மஞ்சுளா தைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊசி விரலுக்குள் இறங்கிவிட்டது. நகத்தின் வழியாக.

அமுதாதான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை மேலே தூக்கினாள். மஞ்சுளா அலறவில்லை. அமுதாவின் முகத்தைப் பார்த்து, "பிடி அக்கா, நீவேன் மாட்தீரா" என்றாள். விடுங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க என்று.

"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்" என்றாள் அமுதா. காற்றாகத்தான். ஆனால் கண்ணில் முதல் தடவையாக நீர்.

"அப்புறம்?"

"அவளை ஃபர்ஸ்ட் எய்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. லைன் நின்னுபோச்சு. ஏன் நிக்குதுன்னு மேல இருந்து சத்தம் போட்டாரு. எல்லாரும் என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. 'ஓட்டுங்க, ஓட்டுங்க'ன்னு கத்தினேன்..."

நிறுத்தினாள்.

"அதான் கடைசியாக் கத்தினது."

மறுநாள் காலை எழுந்து தாரணியைப் பள்ளிக்கு எழுப்ப வாயைத் திறந்திருக்கிறாள். காற்றுதான் வந்திருக்கிறது.

பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. குமாருக்கு வேலை இருந்ததால் அடுத்தடுத்த தடவைகளில் நான்தான் கூடப் போனேன். வேடிக்கையாகத்தான் இருக்கும் பார்ப்பதற்கு. முதலில் இருமச் சொல்வாள் ஷாலினி. இருமலைக் கொஞ்சம் நீட்டச் சொல்வாள். தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்புளிக்கச் சொல்வாள். அதில் வருகிற சத்தத்தை அவளுக்கே காட்டுவாள். "கேட்டுதா? இது உங்க குரல்தான். எங்கயும் போகல." அப்புறம் உதட்டை மூடிக்கொண்டு, தலையாட்டி ஆமோதிக்கிற மாதிரி, "ம்..." என்று மட்டும்.

ஒரு நாள் அந்த "ம்" வந்தது. சின்னதாக, கரகரவென்று.

"இன்னொரு தடவை... அப்படியே வாயைத் தொறங்க... ம்ம்மா..."

"ம்ம்மா" என்றாள் அமுதா.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஷாலினி கையைத் தட்டினாள். "சூப்பர்க்கா! இப்ப ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்க. என்ன தோணுதோ அது."

அமுதா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது முகத்தில் சந்தோஷம் இல்லை. என் பக்கம் திரும்பினாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் குரலில் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

"வந்துடுச்சுன்னு கம்பெனிக்குச் சொல்லிடாதக்கா."

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். குரல் போனதற்காக இவ்வளவு தவித்தோமே, அந்த நாட்களில்தான் இவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். அந்த பஸ் மோத வேண்டும் என்று நினைத்தாளே... ஏதோ ஒரு விதத்தில் மோதித்தான் விட்டது.

அன்றைக்கு மாலை அவளே குமாரிடம் பேசினாள். எதிர்பார்க்காத நேரத்தில், சமையலறையிலிருந்து "என்னங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். குமார் எனக்குப் போன் செய்து அழுதார். பிறகு, "கம்பெனிக்கு நான் ஒண்ணும் சொல்லலக்கா. அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போகட்டும். போகலைன்னாலும் சரி" என்றார். கிளினிக் வெளியே என்னிடம் பாதியில் நிறுத்திய அந்த "ஆனா"வைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து அமுதா மறுபடியும் கம்பெனிக்குப் போனாள். அவள் லைனை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். இவளுக்கு ஃபினிஷிங்கில் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்ப்பது. பதவியும் சம்பளமும் ஒரு படி கீழே. அங்கே கத்த வேண்டியதில்லை. அதுபோதும் என்று ஒத்துக்கொண்டாள். மனநல டாக்டரிடம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள். பின்னந்தலையில் அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. சில நாள் காலையில் குரல் எழும்ப நேரமாகிறது. அந்த நேரத்தில் வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்று தாரணி சொன்னாள்.

மஞ்சுளா வேலையை விட்டுவிட்டாள். விரல் மடங்கவில்லையாம். அவள் அம்மா என்ன ஆனார் என்று அமுதாவுக்குத் தெரியாது. இரண்டு மூன்று தடவை போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. அப்புறம் அந்த நம்பரே இல்லை என்று வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது பல்லைக் கடிக்கிறார்களா, முடி கொட்டுகிறதா என்று கேட்டு உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. யார் வீட்டில்தான் கொட்டவில்லை? நான் சொல்வது வேறு. காரணம் கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். 'நல்லாத்தான் இருக்கா' என்று நாம் சொல்வதற்கு, பெரும்பாலும், 'நம்ம வேலை எதுவும் நிக்கல' என்றுதான் அர்த்தம். சமையல் நடக்கிறது, சம்பளம் வருகிறது, ஃபீஸ் கட்டியாகிறது. அப்புறம் என்ன, நல்லாத்தான் இருக்கிறாள்!

போன ஞாயிற்றுக்கிழமை அமுதா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் இடத்துக்கு வந்திருக்கிற புது சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னாள். ஓசூர் பக்கத்துப் பெண், ராதிகா. சின்ன வயது. கெட்டிக்காரி. முதல் சில நாள் இவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாளாம். 'நடிச்சுட்டு இறங்கிப் போனவள்' என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள்.

"நேத்து பீஸ் எடுக்க வந்தாக்கா. தொண்டை கட்டிக் கெடக்கு. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். ஐஸ் வாட்டர் குடிச்சேன்க்காங்கறா."

"இருக்கலாம் இல்லையா?" என்றேன்.

"இருக்கலாம். நான் இல்லைங்கல. 'அஞ்சு நிமிஷம் உக்காரு, உன்கிட்ட பேசணும்'னு சொன்னேன். 'டைம் இல்லக்கா'ன்னு ஓடிட்டா."

"அப்புறம் என்ன பண்ணப் போறே?"

அமுதா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

"நாளைக்கும் கேப்பேன்."

கேட்பாள். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, கிடைத்த பதிலோடு வீட்டுக்குப் போவதற்குத்தான் நாமெல்லாம் இருக்கிறோமே!